தொட்டிலுக்கு மேலே குண்டு பல்பு

என் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, பல்லடம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீட்டில் நாற்பது நாள் இருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் என் தங்கை இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். பிள்ளை பெற்றவளை அவர் எப்படிப் பார்ப்பார்? அதனால் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்றும், தாய் வீட்டு ஆளாக நான் வந்து கூட இருப்பது என்றும் பேசி முடித்தார்கள். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறேன். மில்லை விட்டு நின்றபிறகு எனக்காகக் காத்திருக்கும் வேலை எதுவும் இல்லை. நான்கு சேலைகளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்குக் குழந்தை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கப் போகும்போதும் எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். தங்கை மகளை நான் மகள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் நீளமாக இரண்டு கோழி ஷெட். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அதே வாரம் ஷெட்டில் புதுக் குஞ்சுகள் இறங்கின. மாப்பிள்ளை அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். கார்த்திகை கடைசி, குளிர் நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் மாலை அவர் ஷெட்டிலிருந்து ஒரு குண்டு பல்பும் ஒயரும் எடுத்துவந்து, நாற்காலி மேல் ஏறித் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார்.

"ஏனுங்க அத்தை, இந்த ஒசரம் சரியா இருக்குமுங்களா?"

"எதுக்குங்க மாப்பிள்ளை இது?"

"குளுருக்குத்தானுங்க. குஞ்சு வந்த மொத நாள்கள்ல ராத்திரி பூரா வெளிச்சம் வேணுமுங்க. இருட்டுல உட்டா பயந்துக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டிச் செத்துப்போயிருமுங்க."

கட்டிலில் படுத்திருந்த மகள் சொன்னாள்: "நம்ம ஊட்டுல பாப்பா ஒண்ணே ஒண்ணுதானுங்களே இருக்குது. யாரு மேலங்க ஏறும்?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேச்சு அம்மணி," என்று சொல்லிவிட்டு அவர் சுவிட்சைப் போட்டார். அறை மஞ்சளாகிவிட்டது.

ஜன்னல் சம்பந்தியம்மாவின் பொறுப்பு. மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் சொல்கிறேன். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று அவர் ஜன்னல் கதவுகளைச் சாத்தினார். சாத்திய பிறகும் இடுக்கு வழியாகக் காற்று வருகிறது என்று, ஷெட்டில் பக்கவாட்டில் கட்டும் படுதாவில் ஒரு துண்டை வெட்டி ஜன்னல் முழுவதும் ஆணி அடித்து மூடிவிட்டார். தடித்த நீலப் படுதா. உச்சி வெயிலில்கூட அந்த அறையில் கைரேகை தெரியாது.

"பச்சை ஒடம்புங்க சம்பந்தி. இப்பப் பாக்காம உட்டா நாளைக்கு மண்டைக் கனம், கைகால் கொடைச்சல்னு வந்து நிக்கும். அப்ப யாரு பாக்கறது, நாந்தானே பாக்கோணும்?"

ஆமாங்க என்றேன். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை.

குழந்தை பகல் முழுவதும் தூங்கினாள். தூங்குகிறாள் என்று வீடே அடங்கிப்போகும். மிக்ஸியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். குக்கர் விசில் வரும் முன்பே சம்பந்தியம்மா அடுப்பை அணைத்துவிடுவார். குழந்தையைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மாப்பிள்ளை ஷெட்டிலிருந்து வருவார். குளித்துவிட்டு, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பல்புக்குக் கீழே உட்காருவார். "ஏனுங்க அம்மணி, சாப்பிட்டீங்களா? அப்பனைப் பாருங்க. அப்பன் இன்னிக்கு எத்தனை மூட்டை தீவனம் தூக்குனேன் தெரியுமுங்களா?" அவர் பேசப் பேசக் குழந்தை கண்ணை அகல விரித்துப் பார்ப்பாள். அவர் போய்ப் படுத்தபிறகு பல்பைப் பார்ப்பாள். அழுவாள், பால் குடிப்பாள், மறுபடியும் பார்ப்பாள். அதிகாலை நாலரை ஆகிவிடும். ஆறு மணிக்கு மாப்பிள்ளை எழுந்துவந்து பல்பை அணைப்பார். வெளியே விடியும். உள்ளே படுதா போட்ட இருட்டு. குழந்தைக்கு அதற்குப் பிறகுதான் அசந்த தூக்கம்.

அதற்குப் பிறகு மகள் தூங்கலாமே என்றால் அதுவும் முடியாது. ஏழு மணிக்கு வெந்நீர் காய்ந்துவிடும். பெற்றவளுக்குக் குளியல், பிறகு சாம்பிராணி, பிறகு பத்தியச் சாப்பாடு. பதினோரு மணிக்குக் குழந்தையின் குளியல். பிற்பகலில் யாராவது பார்க்க வருவார்கள். பத்து நாளில் அவள் கண்ணுக்குக் கீழே கரி பூசியது மாதிரி ஆகிவிட்டது.

இரவு அழுகைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் சம்பந்தியம்மா. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அன்று இரவும் அழுதாள். வயிற்று வலி என்று வசம்பு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார். அதற்கும் அழுதாள். கடைசியாக, பால் பத்தவில்லை என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சு வந்த அன்று மகள் மதியச் சோற்றை அப்படியே வைத்துவிட்டாள்.

நான் ஒரு காரியம் செய்துபார்த்தேன். பகலில் தூங்க விடாமல் செய்தால் இரவு தூங்குவாள் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, குழந்தை கண் அசரும்போதெல்லாம் ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்தேன். காது மடலை வருடினேன். முதலில் சிணுங்கினாள். பிறகு வீறிட்டாள். அன்று சாயங்காலம் முழுவதும் யார் தூக்கினாலும் நிற்காத அழுகை. இரவு வழக்கத்தைவிட மோசம்.

சம்பந்தியம்மா மறுநாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார்: "தூங்கற புள்ளையச் சுரண்டி அழ வெச்சுப் பாக்கறதுக்கா சம்பந்தி, ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு குழந்தை விஷயத்தில் நான் எதையும் செய்துபார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். துணி துவைத்தேன், பூண்டு உரித்தேன்.

பதினேழாம் நாள் இரவு, சுவரில் ஏதோ இடித்த சத்தம் கேட்டு விழித்தேன். மகள் கட்டிலில் சுவரோரம் சாய்ந்து, உட்கார்ந்தபடியே பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே தூங்கிவிட்டிருந்தாள். தலை பின்னால் இடித்தும் அவள் எழவில்லை. குழந்தை மடியிலிருந்து வழுக்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. தலை கட்டில் சட்டத்துக்கு வெளியே இருந்தது. நான் கீழே பாயில் படுத்திருந்தவள், எழுந்து நிற்க நேரமில்லாமல் முட்டி போட்டபடியே கையை நீட்டித் தாங்கினேன். குழந்தை அழக்கூட இல்லை.

மகள் விழித்ததும் என் கையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பெரியம்மா, அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

நான் சொல்லவில்லை. காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார்.

"அழுவாத கண்ணு. ராத்திரி பாப்பா என்ற கூடப் படுக்கட்டும். டின் பால் வாங்கியாரச் சொல்றேன், நானே கரைச்சுக் குடுத்துக்கறேன். நீ நல்லாத் தூங்கு. ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்கும் சரியாகலீன்னா அப்படியே செஞ்சு போடலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மகளுக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. அன்றைக்குத் திங்கட்கிழமை. பின்கட்டில் அவளுக்குத் தலை துவட்டிவிடும்போது சொன்னாள்: "பாப்பா ராத்திரி அந்த ரூமுக்குப் போச்சுன்னா, அப்பறம் எனக்குப் பாலு நின்னு போயிரும் பெரியம்மா. எங்கம்மா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்குவாங்களா?"

என் தங்கை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கு வாய் உண்டு.

மகள் போனை எடுத்துக் காட்டினாள். பிறந்த குழந்தைக்கு எது பகல், எது இரவு என்று தெரியாது, பகலில் வெளிச்சத்திலும் சத்தத்திலும் வைத்திருங்கள், இரவில் இருட்டாக வைத்துப் பேசாமல் பால் கொடுங்கள் என்று அதில் போட்டிருந்தது. "இதை நாஞ் சொன்னா, போனைப் பாத்துப் புள்ளை வளக்கறாளாம்னு ஆயிருமுங்க. அவருகிட்டச் சொன்னா, குளுருதுங்கறார். நீங்க சொல்லுங்க பெரியம்மா."

"நானா?"

"ராத்திரி ஷிப்டு பாத்தவங்கதானே நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் இருந்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவு ஷிப்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் இரவெல்லாம் நின்றுவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து ஜன்னலில் பழைய சேலையை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு படுப்பேன். சேலை ஒரு பக்கம் சரிந்தால் போதும், தூக்கம் போய்விடும். அடுத்த வாரம் பகல் ஷிப்டுக்கு மாறினால் உடம்புக்குப் புரிய நான்கைந்து நாள் ஆகும். புரிந்து முடிக்கும்போது வாரம் முடிந்துவிடும். அந்த அறையில் குழந்தை நிரந்தரமாக இரவு ஷிப்டில் இருந்தாள் என்பது எனக்கு எப்போதோ பட்டிருக்க வேண்டும். பட்டும் இருக்கலாம். ஆனால் பல்பு மாப்பிள்ளை போட்டது. படுதா சம்பந்தியம்மா அடித்தது. பெண் வீட்டிலிருந்து வந்தவள், அதிலும் பெற்றுப் பழகாதவள், எந்த வாயால் சொல்வது?

செவ்வாய் போனது. புதனும் போனது. புதன்கிழமை டின் பால் வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

வியாழன் காலை மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய டீயை நான் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கோழிகளுக்கு நோய் ஒட்டாமல் இருக்க வாசலில் கொட்டியிருக்கும் சுண்ணாம்புத் தூளில் காலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் குனிந்து தண்ணீர் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அட, நீங்க எதுக்குங்க அத்தை தூக்கிட்டு வந்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே வந்திருப்பேனுங்களே."

பரவாயில்லை என்று டம்ளரைக் கொடுத்தேன். ஷெட்டின் படுதாவை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். வெயில் உள்ளே தரை வரை விழுந்தது. குஞ்சுகள் பெரிதாகி, வெள்ளை இறகு வைத்துவிட்டன. என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன்:

"ராத்திரி இங்கயும் பல்பு எரியுதுங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங்க, கொறைச்சுப்போட்டேனுங்க. எந்நேரமும் வெளிச்சத்துலயே வளத்தக் கூடாதுங்க. ஒரு நாள் கரண்டு போனா அத்தனையும் மெரண்டு மூலையில போய்க் குமிஞ்சுக்குமுங்க. வெடியால பாத்தா நூறு, எரநூறு செத்துக் கெடக்கும். அதுக்குத்தானுங்க நாலாம் நாள்ல இருந்தே ராத்திரிக்கு ஒரு மணி நேரம், அப்பறம் ரெண்டு மணி நேரம்னு அணைச்சு அணைச்சுப் பழக்கறது. இருட்டுன்னா படுக்கோணும்னு அதுகளுக்கே வந்துருமுங்க."

"நாலாம் நாள்லிருந்துங்களா?"

"ஆமாங்க."

"நம்ம பாப்பாவுக்கு இன்னைக்கு இருபத்தியொண்ணுங்க."

அவர் டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு ஷெட்டைப் பார்த்தார். நான் இன்னும் சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன், மில், ஷிப்டு, சேலை என்று. ஒன்றும் தேவைப்படவில்லை.

"அடக் கெரகமே," என்றார். "மொத நாள் பல்பை இன்னும் கழட்டாம உட்டுட்டேன் பாருங்க."

அவர் நேராக வீட்டுக்குள் போய் நாற்காலி மேல் ஏறினார். ஒயர் கையோடு வந்தது. அடுத்து ஜன்னலுக்குப் போய் ஆணியைப் பிடுங்கப் பார்த்தபோதுதான் சம்பந்தியம்மா வந்தார்.

"என்றா பண்றே?"

"குஞ்சுகளுக்கே பகல்ல படுதாவச் சுருட்டி உடறோமில்லம்மா. பாப்பாவுக்கும் வெளிச்சம் வேணுமாம்."

"உன்ற குஞ்சு புள்ளை பெத்துப்போட்டுப் படுத்திருக்குதா? கோழியையும் பொண்டாட்டியையும் ஒண்ணா வெச்சுப் பேசறான் பாருங்க சம்பந்தி. காத்து அடிச்சு இவளுக்கு இழுத்துக்கிச்சுன்னா, உனக்குக் குஞ்சு குடுக்கற கம்பெனி சூப்பர்வைசர் வந்து ஊசி போடுவானா?"

மகள் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை ஆணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அப்போது பேசியதுதான்.

"ஜன்னல் அப்படியே இருக்கட்டுங்க சம்பந்தி. அவ பச்சை ஒடம்புதான், நீங்க சொல்றது சரிதானுங்க. வெயில் ஏறுனப்பறம் பாப்பாவ மட்டும் நான் வெளிய தூக்கிட்டு வாரேனுங்க. பகல்ல உங்க கண்ணு முன்னாடியே கூடத்துல தொட்டில் கட்டிக்கலாம். இவளும் இருட்டுல ரெண்டு மணி நேரம் படுப்பா. பாலுக்கு அழுதா உள்ள குடுத்துக்கலாமுங்க."

சம்பந்தியம்மா யோசித்தார். கண் முன்னாடி என்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

"ஞாயித்துக்கெழமைக்கு மூணு நாள் இருக்குது. பாருங்க," என்றார்.

கூடத்தில் தொட்டில் கட்டினோம். காலை எட்டு மணிக்குக் குழந்தையை வாசல் வெயிலில் சற்று நேரம் வைத்திருப்பேன். முகத்தில் வெயில் படாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். அதற்குப் பிறகு தொட்டில். அவள் தூங்கட்டும், ஆனால் நாங்கள் அடங்க மாட்டோம். மிக்ஸி சமையலறைக்கே வந்தது. குக்கர் விசில் அடித்தது. முதல் விசிலுக்குக் குழந்தை கையைக் காலை உதறினாள். நாலாவது விசிலுக்கு ஒன்றும் இல்லை. பாலுக்கு நேரமாகியும் தூங்கினால் எழுப்பி உள்ளே கொண்டுபோவேன், ஈரத்துணி எல்லாம் இல்லை, சட்டையைத் தளர்த்தினாலே விழித்துவிடுவாள்.

இரவுதான் எல்லோருக்கும் கஷ்டம். பாத்ரூம் விளக்கை மட்டும் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தோம். குளிருக்குக் கூடுதலாக ஒரு துணி சுற்றினோம். பால் கொடுக்கும்போது கொஞ்சக் கூடாது, பேசக் கூடாது. மகளும் நானும் கை ஜாடையிலேயே துணி மாற்றினோம். இனி உட்கார்ந்துகொண்டு தூங்கிவிடக் கூடாது என்று, அவள் பால் கொடுத்து முடிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

மாப்பிள்ளைக்குத்தான் தாங்கவில்லை. இரவு குளித்துவிட்டு வந்து வாசற்படியில் நிற்பார். "ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேனே அத்தை," என்று கிசுகிசுப்பார். வேண்டாமுங்க என்று தலையாட்டுவேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஷெட்டில் காலை வேலையை முடித்ததும் வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பேச ஆரம்பித்தார். தீவன மூட்டைக் கணக்கெல்லாம் பகலுக்கு மாறியது.

வியாழன், வெள்ளி இரவுகளில் ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமை இரவு அதைவிட மோசம். இருட்டில் அழும் குழந்தையின் சத்தம் வெளிச்சத்தில் அழுவதைவிடப் பெரிதாகக் கேட்கிறது. ஒரு மணிக்கு மகள் தன் கையாலேயே சுவிட்சைப் போடப் போனாள். நான் கையைப் பிடித்தேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று எனக்கே தெரியாது. எதிர் அறையில் சம்பந்தியம்மா இருமும் சத்தம் கேட்டது. அவரும் விழித்துத்தான் இருந்தார்.

ஞாயிறு வந்தது. காலையில் சம்பந்தியம்மா டின் பாலை எடுத்துப் பார்த்தார், எப்படிக் கரைப்பது என்று மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மகள் குளிக்கப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"மூணு நாள் போதாதுங்க அத்தை," என்றாள். அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். "இன்னொரு வாரம் குடுங்க."

"நீ நிக்கற நெலையப் பாரு கண்ணு. கண்ணாடியில பாத்தியா?"

"பாத்தனுங்க. நேத்துக் காலையில ரெண்டு மணி நேரம் தூங்குனேனுங்க. அதுக்கு முன்னாடி அதுவும் இல்லீங்களே."

சம்பந்தியம்மா டின்னை அலமாரியில் வைத்தார். "உங்க ஊட்டு வழியே பிடிவாதந்தான் போல," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை.

அன்று இரவு பதினொன்றரைக்குப் பால் குடித்துவிட்டுக் குழந்தை தூங்கினாள். இரண்டு மணிக்கு மகள் என்னை உலுக்கினாள். "பெரியம்மா, பாப்பா அழுவலீங்க. மூச்சு வருதான்னு பாருங்க." மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன், மூச்சு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தோம். தூங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரே சீராகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் தூங்குவாள், மறுநாள் மூன்று மணிவரை ஆட்டம். தடுப்பூசி போடும் நாட்களைப் பற்றிக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தையின் எடை பார்த்தார்கள், நன்றாக ஏறியிருந்தது. பால் பத்தவில்லை என்ற பேச்சு அதோடு நின்றது. வெளிச்சத்தை மாற்றியதால் குழந்தை பழகினாளா, நாள் ஏற ஏறத் தானாகவே பழகினாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழே கால் மணி இருக்கும். வெந்நீர் காய்ந்துவிட்டது என்று மகளைக் கூப்பிடப் போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு, அழாமல், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு இரண்டே முறைதான் எழுந்திருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சம்பந்தியம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரிச்சுட்டாளுங்களா?"

"இல்லீங்க. இன்னும் தூங்கறா. எழுப்பட்டுங்களா?"

அவர் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்.

"எதுக்குங்க எழுப்பறீங்க? தண்ணி மறுக்கா காஞ்சுக்கும். அவ தூங்கட்டும் உடுங்க."